எதிர்க்காற்றே விசிறி

காலி வீதியில் வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ சிவப்பு விளக்குக்கு நிற்கும் சைக்கிள்காரரைப் பாருங்கள். ஓடிவரும்போது அவர் முகம் ஈரமாக மட்டும்தான் இருந்திருக்கும். கால் தரையில் பட்டுப் பத்து விநாடி ஆவதற்குள் நெற்றியிலிருந்து வியர்வை வழியும். மூக்கு நுனி, நாடி, முழங்கை என்று சொட்டத் தொடங்கும். அந்தப் பத்து விநாடியில் வியர்வை பெருகிவிடவில்லை. அதுவரை அதை ஆவியாக்கிக் காவிக்கொண்டு போன காற்று நின்றுவிட்டது.

கொழும்பில் ஞாயிறு காலைகளில் நடக்கும் நெடுந்தூரச் சவாரிகளுக்குப் பெயர் கொடுப்பவர்களில் பலர் காற்றை எதிரியாக மட்டுமே பார்க்கிறார்கள். முன்னேறவிடாமல் தடுப்பது அதுதான். ஆனால் உடம்பை ஆற்றுவதும் அதே காற்றுதான். இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்காதவர் திரும்பி வரும் வழியில் துவண்டுபோகிறார்.

ஆளும் சைக்கிளுமாக 80 கிலோகிராம், சாதாரணமாகக் குனிந்த இருப்பு, காற்று வீசாத சமதரை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் ஓட மிதியில் ஏறத்தாழ 107 வாட் வலு வேண்டும். 30 கிலோமீற்றருக்கு 170 வாட். 35 கிலோமீற்றருக்கு 250 வாட். டயர் உருளத் தேவையான வலு வேகத்தோடு சீராகத்தான் கூடுகிறது. காற்றைப் பிளக்கும் வலுவோ வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. வேகம் இரு மடங்கானால் அது எட்டு மடங்கு. அதனால்தான் 25இலிருந்து 30க்குப் போகையில் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, உழைப்போ பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. புழுக்கமான காற்று கனமானது என்று பலர் நினைப்பதுண்டு. நீராவி மூலக்கூறு நைதரசனையும் ஒட்சிசனையும் விட இலேசானது. ஆகவே கொழும்பின் ஈரக் காற்று அதே வெப்பநிலையிலுள்ள உலர்ந்த காற்றைவிட ஒரு சதவீதம் அளவுக்கு அடர்த்தி குறைந்தது. தடுப்பதில் அது நமக்குச் சற்றுச் சாதகமே.

இன்னொருவரின் பின்சில்லுக்கு அரை மீற்றர் முதல் ஒரு மீற்றர் பின்னால் ஓடினால் காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்களவு குறையும். 30 கிலோமீற்றர் வேகத்தில் 170 வாட்டுக்குப் பதில் 125 வாட் போதும். குழுவாக ஓடுவதன் பலன் முழுவதும் இதற்குள் இருக்கிறது, ஆபத்தும் இதற்குள்தான். அந்த வேகத்தில் சைக்கிள் விநாடிக்கு 8 மீற்றருக்கு மேல் போகிறது. கண் கண்டு கை பிறேக்கை இறுக்க அரை விநாடி என்றாலும் 4 மீற்றர் ஓடிவிடும். அரை மீற்றர் இடைவெளியை பிறேக் காப்பாற்றாது. ஆகவே முன்னாலுள்ள பின்சில்லை உறுத்துப் பார்க்காமல், முன்னால் ஓடுபவரின் தோளுக்கு மேலாக வீதியைப் பார்க்க வேண்டும். குழியையும் மூடி விலகிய சாக்கடை வாயையும் முன்னால் ஓடுபவர் உரக்கச் சொல்ல வேண்டும். உங்கள் முன்சில்லு அவருடைய பின்சில்லுக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்கவே கூடாது. இரண்டும் உரசினால் விழுவது பின்னால் இருப்பவர். திசை திருப்பிச் சமநிலை பிடிக்க அவருக்கு வேண்டிய முன்சில்லுதான் மாட்டிக்கொள்கிறது.

இனி வெப்பம். தசை எரிக்கும் சக்தியில் கால்பங்குக்கும் குறைவுதான் மிதிக்கு வருகிறது, மிச்சம் வெப்பமாகிறது. மிதியில் 170 வாட் என்றால் உடம்புக்குள் 600 வாட் அளவு வெப்பம் பிறக்கிறது. அதில் ஒரு பகுதியைத் தோலில் படும் காற்று நேரடியாக எடுத்துப் போகும். மற்றதை வியர்வை ஆவியாகி எடுக்க வேண்டும். ஒரு லீற்றர் வியர்வை முழுக்க ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். முழங்கையிலிருந்து சொட்டி விழுந்த துளி எதையும் கொண்டுபோகாது. உடம்பின் நீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

கொழும்புக்காரர் ஒரு விடயத்தைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். விடியற்காலை சாரீரப்பதன் (அந்தச் சூட்டில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் உள்ள பங்கு) 95 சதவீதம், பத்து மணிக்கு 70 சதவீதம், ஆகவே வெயில் ஏற ஏற வியர்வை நன்றாக உலரும் என்பது தவறான கணக்கு. 25 பாகை செல்சியசில் 95 சதவீதமும் 30 பாகையில் 70 சதவீதமும் காற்றிலுள்ள நீராவியின் அளவில் கிட்டத்தட்ட ஒன்றே. வியர்வை ஆவியாவதைத் தீர்மானிப்பது அந்த அளவும், தோலின் வெப்பநிலையும், வீசும் காற்றும்தான். பத்து மணிக்கு ஆவியாதல் கூடுவதில்லை. காற்றின் சூடும் வெயிலும் மட்டும் கூடுகின்றன. எனவே விடியும் முன் புறப்படுவதுதான் சரி. இதே சூடுள்ள, ஆனால் 30 சதவீதமே ஈரப்பதனுள்ள ஊரோடு ஒப்பிட்டால், இங்கே வியர்வை ஆவியாகும் திறன் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்வது ஓடும் வேகம் தரும் காற்றே.

காலிமுகத்திடலிலிருந்து மொரட்டுவை, பாணந்துறை வழியாகக் களுத்துறை ஏறத்தாழ 42 கிலோமீற்றர். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் போகும்போது காற்று முன்வலப் பக்கம், கடலிலிருந்து வரும். முன்னால் ஓடுபவருக்கு நேர்பின்னால் மறைப்புக் குறைவு. சற்று இடப்பக்கம் விலகிய பின்புறத்தில்தான் கூடுதலாகக் கிடைக்கும். இலகுவாக்க, காற்று நேரெதிரே 15 கிலோமீற்றர் வேகத்தில் வீசுகிறது என்று கொள்வோம். 170 வாட் மிதித்தால் 22 கிலோமீற்றர் வேகம்தான் வரும். ஆனால் உடம்பில் படும் காற்று 37 கிலோமீற்றர். சலிப்பான ஓட்டம், நல்ல விசிறி.

திரும்பும்போது அதே 170 வாட்டுக்கு 40 கிலோமீற்றர் வேகம் கிடைக்கும். உடம்பில் படும் காற்று 25 மட்டுமே. வேகமானியைப் பார்த்து மனம் குதூகலிக்கும், வெயிலும் ஏறியிருக்கும், விசிறியோ ஐந்தில் ஒரு பங்கு தளர்ந்திருக்கும் (காற்றின் வேகம் குறையும் அதே விகிதத்தில் ஆற்றும் திறன் குறைவதில்லை). பலர் கவிழ்வது இங்கேதான். அந்த இடத்தில் 32 கிலோமீற்றருக்குக் குறைத்துப் பாருங்கள்: 86 வாட் போதும். உடலுக்குள் பிறக்கும் வெப்பம் பாதியாகிறது, காற்றின் ஆற்றும் திறனோ போகும்போது இருந்ததில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிக் குறைகிறது. 42 கிலோமீற்றரில் நட்டம் 16 நிமிடம். குழுவின் நடுவில் ஒளிந்து ஓடினாலும் விசிறி தளரும். அங்கேயும் உழைப்பைக் குறைத்தால்தான் இலாபம்.

எவ்வளவு குடிப்பது? பயிற்சி ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உடைகளின்றி நிறுத்துப் பாருங்கள். குறைந்த ஒரு கிலோகிராம் ஒரு லீற்றர். இடையில் குடித்ததைக் கூட்டி, ஓடிய மணித்தியாலங்களால் வகுத்தால் உங்கள் வியர்வை வேகம் வரும். மணிக்கு 500 முதல் 750 மில்லிலீற்றர் பலருக்குச் சரிவரும். நிறை கூடும்படி குடிக்கக் கூடாது. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போவது உயிருக்கே ஆபத்து. ஒரு லீற்றர் நீரில் மட்டமாக 5 மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, தேசிக்காய்ப் புளி: இந்தக் கலவையும் மணிக்கு ஒரு வாழைப்பழமும் போதும். செவ்விளநீரில் பொற்றாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. உப்புச் சேர்த்துக் குடியுங்கள்.

தலையில் ஊற்றும் தண்ணீரைப் பற்றியும் ஒரு கணக்கு. 10 பாகை குளிர்ந்த அரை லீற்றர் நீர் தோலின் சூட்டுக்கு வரும்வரை எடுப்பது 52 கிலோயூல் அளவு. ஒன்றரை நிமிட ஓட்ட வெப்பம். தோல் ஏற்கெனவே நனைந்திருப்பதால் ஆவியாதலும் கூடுவதில்லை. போத்தலில் இருப்பதைக் குடிப்பதே மேல்.

குளிரூட்டிய அலுவலகத்தில் நாள் முழுதும் இருப்பவர் கொழும்பில் பிறந்து வளர்ந்தாலும் வெக்கைக்கு முழுதாகப் பழகியவர் அல்ல. 10 முதல் 14 நாள் வெளியில் மிதித்தால் வியர்வை முந்தித் தொடங்கும், அதில் உப்பும் குறையும்.

ஓடும்போது மயிர்க்கூச்சம், நடுக்கம், தலையிடி வந்தால் உடனே நிழலில் நிறுத்துங்கள். கூட வருபவர் பெயர் கேட்டால் தடுமாறுகிறார், கோணல்மாணலாக ஓட்டுகிறார் என்றால் அது வெப்ப அதிர்ச்சியாக இருக்கலாம். 1990 அம்புலன்சை அழையுங்கள். மயங்கியவருக்கு வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். தலைக்கவசத்தையும் சப்பாத்தையும் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, கிடைத்த மட்டையால் வீசுங்கள். அருகில் கடை இருந்தால் ஐஸ் வாங்கிக் கழுத்திலும் கக்கத்திலும் வையுங்கள். அம்புலன்ஸ் வந்து சேரும்வரை வீசுவதை நிறுத்தாதீர்கள்.