மெலிந்த முடி கொழும்புக் காற்றில் ஏன் சிலும்புகிறது?

படிய வாரிக்கொண்டு காலி வீதிக்கு வந்து நின்றால், பஸ் வருவதற்குள் நெற்றியோரமும் உச்சியும் சிலும்பிவிடும். ஐம்பதை நெருங்கும் பெண்கள் பலர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சொல்லும் குறை இது. இருபது வயதிலும் இதே கடற்காற்றுத்தான் வீசியது. மாறியிருப்பது முடி.

முடியின் உடல் கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளைப் பிடித்துவைப்பவற்றில் கந்தகப் பிணைப்புகள் இலேசில் அறாது. ஐதரசன் பிணைப்புகளோ தண்ணீர் பட்டாலே விட்டுவிடும். காய்ந்ததும் திரும்பச் சேரும், ஆனால் அப்போது முடி எப்படி வளைந்து கிடக்கிறதோ அப்படியே. ட்ரையரால் நேராக்கியது நிற்பதும் இதனால்தான், ஈரக்காற்றில் குலைவதும் இதனால்தான். 1783இலேயே ஜெனீவா விஞ்ஞானி சோசூர் தலைமயிரை வைத்து ஈரப்பதன்மானி செய்தார். காற்று முற்றாக உலர்ந்த நிலையிலிருந்து முழு ஈரத்துக்குப் போகும்போது முடி ஏறக்குறைய 2 வீதம் நீளும். தடிப்பில் ஊதுவது அதைவிடப் பல மடங்கு. அதுவும் சீராக ஊதாது. ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் ஊதினால் முடி வளையும். ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு ஒரு திசையில் வளைய, பக்கத்து முடியோடு சேர்ந்து படியாமல் எழும்பி நிற்கிறது.

சரி, நடுவயதில் ஏன் கூடுகிறது? மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண் ஹோர்மோனான ஈஸ்திரஜன் குறைய, முடி வளரும் பருவம் சுருங்குகிறது. பலருக்கு வேர்ப்பையும் சிறுத்து, மெல்லிய முடியையே தருகிறது. இதில் ஒரு கணக்கு முக்கியம். வளையாமல் நிற்கும் விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 70 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முடி 56 மைக்ரோனானால் விட்டத்தில் குறைந்தது 20 வீதம்தான், ஆனால் விறைப்பு பாதிக்கும் கீழே, சுமார் 41 வீதத்துக்கு இறங்கிவிடும். முன்பு அசையாத முடி இப்போது சிறு ஈரத்துக்கும் வளைவது அதனால்தான். தலையின் இயற்கை எண்ணெயும் இந்த வயதில் குறைகிறது.

அப்புறம் மேற்பரப்பு. கிடுகு வேய்ந்த கூரைபோல ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் முடியை மூடியிருக்கின்றன. அவற்றின்மேல் தண்ணீரை ஒட்டவிடாத மெல்லிய கொழுப்புப் படை ஒன்று உண்டு. நரைக்குப் பூசும் நிரந்தர டை அதைக் கழற்றிவிடுகிறது. கொழுப்புப் படை போன இடத்தில் ஈரம் தாராளமாக உள்ளே போகும்.

இங்கேதான் நம் வீடுகளில் நல்ல எண்ணத்தோடு ஒரு பிழை நடக்கிறது. 'வறண்டுபோச்சு, எண்ணெய் வை' என்று தலைக்குக் குளித்த பிறகு அள்ளிப் பூசுகிறோம். மெல்லிய முடி அந்தப் பாரத்தில் கற்றை கற்றையாக ஒட்டி, உச்சந்தலை இன்னும் வெளியே தெரியும். எண்ணெயை விடச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றச் சொல்கிறேன். தேங்காயெண்ணெயின் லோரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு. அதனால் முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. 2003இல் வெளியான ஆய்வொன்றில் சூரியகாந்தி எண்ணெயும் கனிய எண்ணெயும் அந்த வேலையைச் செய்யவில்லை. ஆகவே குளிக்குமுன் நுனிப்பக்கமாகக் கொஞ்சம் தடவி, பிறகு கழுவிவிடுங்கள்.

கொண்டிஷனர் காதுக்குக் கீழே மட்டும் போதும். அதிலுள்ள நேர்மின்னேற்ற மூலக்கூறுகள் சேதமான இடங்களில் தேடிப்போய் ஒட்டும். கிளிசரின் அதிகமுள்ள சீரம் கொழும்புக்குச் சரிவராது என்பது என் எண்ணம். ஈரம் நிறைந்த காற்றில் அது முடிக்குள் மேலும் தண்ணீரை இழுக்கும். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அரை ஈரத்தோடு வெளியே போகவேண்டாம், ஏனென்றால் முடி தன் வடிவத்தைப் பிடிப்பது அந்தக் கடைசி ஈரம் காயும்போதுதான்.

வகிடு அகலமாகிக்கொண்டே போனால், அல்லது கை நிறையக் கொட்டினால், தோல் வைத்தியரைப் பாருங்கள். இரும்புச்சத்தும் தைரொயிட்டும் பார்க்க இரத்தப் பரிசோதனை போதும். முடி வளர்வதற்கான மருந்தான மினொக்சிடில் தந்தால் முதல் வாரங்களில் கொட்டல் கூடலாம், பயந்து நிறுத்தவேண்டாம். பலன் தெரியச் சில மாதங்களாகும். அப்போது வகிட்டோரம் குட்டையாக நிமிர்ந்து நிற்பவற்றில் பல புதிதாக முளைத்தவை. அவற்றைச் சிலும்பல் என்று நினைத்துச் சூட்டுக் கருவியால் அழுத்தாதீர்கள்.