குலம் இல்லாத ஊருக்குக் குலச்சின்னமா?

பெர்லினின் நொய்க்கோல்ன் வட்டாரத்துக்குக் 'குலச்சின்னம்' இருக்கிறதாம். ஊர்களும் குடும்பங்களும் கேடய வடிவில் வைத்துக்கொள்ளும் 'கோட் ஆஃப் ஆர்ம்ஸ்' சின்னத்தைத் தமிழில் அப்படிப் பெயர்க்கிறார்கள். எந்தக் குலத்துக்கு?

ஆங்கிலத்தில் 'கோட் ஆஃப் ஆர்ம்ஸ்' என்றால், இடைக்கால வீரன் இரும்புக் கவசத்தின் மேல் அணிந்த சின்னம் தீட்டிய அங்கி. ஜெர்மானியரோ 'வாப்பன்' என்பார்கள். அது ஆயுதத்தைக் குறிக்கும் சொல்லின் உடன்பிறப்பு, அதில் அங்கியே கிடையாது. 'கைகளின் மேலங்கி' என்று மொழிபெயர்ப்பு எந்திரம் துப்புவதை அப்படியே ஒட்டுகிறவர்களிடம் வாதாடிப் பயனில்லை.

குலச்சின்னக்காரர்களிடம் வாதாடலாம். நொய்க்கோல்ன் கேடயத்தில் மூன்று பகுதிகள். ஒன்றில் செக் சீர்திருத்தவாதி யான் ஹுஸ்ஸைப் பின்பற்றிய ஹுஸ்ஸியரின் கிண்ணம்: 1737இல் அங்கே குடியேறிய பொகீமியப் புராட்டஸ்டண்டு அகதிகளின் நினைவு. இன்னொன்றில் பெர்லினைச் சூழ்ந்த பிராண்டன்பர்க்கின் சிவப்புக் கழுகு. மூன்றாவதில் புனித யோவான் சபையின் எண்முனைச் சிலுவை: நொய்க்கோல்னின் பழைய பெயரான ரிக்ஸ்டார்ஃப் ஊரை 1360இல் நிறுவியது அந்தத் துறவு வீரர் சபைதான். அகதிகள், ஆட்சிநிலம், துறவு வீரர்கள். இதில் எங்கே குலம்? போதாக்குறைக்கு, மானிடவியல் படித்தவருக்குக் குலச்சின்னம் என்றதும் குலக்குறிதான் ('டோட்டம்') நினைவுக்கு வரும். 'மரபுச் சின்னம்' அவ்வளவு மோசமில்லை; ஆனால் கோயில் தேரும் மரபுச் சின்னம்தானே!

'இலச்சினை' அழகான சொல். அதை முத்திரைக்கே விட்டுவிடலாம். முத்திரை மெழுகில் அழுத்துவது. அதற்கு நிறம் பொருட்டல்ல. கேடயத்திலோ நிறமே சட்டம்: பொன், வெள்ளி இரண்டும் உலோகம், சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை முதலியவை வண்ணம், வண்ணத்தின் மேல் வண்ணமோ உலோகத்தின் மேல் உலோகமோ வைப்பதில்லை. அதனால்தான் கழுகு வெள்ளிப் பரப்பில் சிவப்பு, சிலுவை சிவப்பில் வெள்ளி. அச்சில் வெள்ளி வெறும் வெள்ளையாகத்தான் வரும். சாம்பல் பூசினால் பிழை.

ஆகவே 'கேடயச்சின்னம்' என்பதே சரி. கேடயம் வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் 'கிடுகுச்சின்னம்' என்று எழுதிப் பார்க்கட்டும். கூரை வேயும் கிடுகு என்றே வாசகர் எண்ணுவார். உள்ளே வரையும் உருவத்துக்குப் 'பொறி' போதும். புலிப்பொறி நமக்குப் புதிதா?

வலம், இடம் கேடயத்தைப் பிடித்திருப்பவனின் பார்வையில் சொல்லப்படும். பார்ப்பவருக்கு இடப்பக்கம் தெரிவதே 'வலம்'. இதைத் தலைகீழாகப் பெயர்க்காத வருணனை அரிது.

நொய்க்கோல்ன் கேடயத்தின் மேலே இருப்பதை 'ராஜகிரீடம்' என்பது அடுத்த கூத்து. மூன்று கோபுரம் வைத்த கோட்டைச்சுவர் அது: மதில்முடி. நடுக்கோபுரத்தில் பெர்லின் கரடியின் கேடயம். பெர்லினின் பன்னிரண்டு வட்டாரங்களுக்கும் இதே முடிதான். அந்த வட்டாரம் பெர்லினுக்குள் அடங்கியது என்பதுதான் அதன் பொருள், அரசன் யாரும் இல்லை.