கேட் திறக்கும் சத்தம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் என்னிடம் மனநல ஆலோசனைக்கு வரும் இளம்பெண்களுக்கு 28 கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுப்பேன். சிறுவயதில் விழுந்த அடி, வசை, தகாத தொடுதல், பட்டினி, அன்பில்லாமை ஆகியவற்றைப் பற்றி 25 கேள்விகள். மீதி மூன்றுக்கு வேறு வேலை. தன் குடும்பத்தில் ஒரு குறையும் இருந்ததில்லை என்று சொல்லவைக்கும் கேள்விகள் அவை. மூன்றிலும் 'மிக அடிக்கடி உண்மை' என்ற கடைசிக் கட்டத்தில் டிக் இருந்தால், எதையோ மூடிவைக்கிறாரா என்று நாங்கள் யோசிக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் பலர் மூன்றிலும் தயங்காமல் டிக் போடுகிறார்கள்.

அப்படிப் போட்டவள்தான் இவளும். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) 22 வயது. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இரண்டு மாதமாக வகுப்புக்குப் போகவில்லை. "யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை, ஆன்ட்டி. நான்தான் சோம்பேறி" என்றாள்.

மூன்றாவது முறை வந்தபோது வீட்டு கேட்டைப் பற்றிச் சொன்னாள். மாலையில் அப்பா வந்தால் மோட்டார் கேட் உருளும். கார் இன்ஜின் அணையும். அதற்கும் கார்க் கதவு திறப்பதற்கும் நடுவே இவள் மனதுக்குள் எண்ணுவாள். ஐந்துக்குள் திறந்தால் பயமில்லை. பத்தைத் தாண்டினால் அப்பா குடித்திருக்கிறார். உடனே டிவியை அணைத்து, தம்பியின் புத்தகத்தை மேசையில் விரித்துவைத்து, ரசத்தை அடுப்பில் ஏற்றிவிடுவாள். எட்டு வயதில் கற்றுக்கொண்ட கணக்கு.

அந்தக் கணக்குதான் அன்று அவளைக் காப்பாற்றியது. அதைக் குறையாக நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அழுகையை விழுங்குவதும், 'நான் ஒழுங்காக இருந்தால் அடி விழாது' என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வதும் தப்பிக்க வழியில்லாத குழந்தையின் தற்காப்பு. வளர்ந்த பிறகும் அதே பழக்கம் தொடரும்போதுதான் மனச்சோர்வு வேர்பிடிக்கிறது. நடந்ததை யாரிடமும் சொல்லாமல், மாடு அசைபோடுவதுபோல் உள்ளுக்குள்ளேயே மென்றுகொண்டிருப்பார்கள். அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். இந்த அசைபோடல் பெண்களிடம் அதிகம், சோர்வை அது நீட்டித்துக்கொண்டே போகும் என்று அவர் காட்டினார். இன்னொன்றும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. "நீ ஏன்தான் என் வயிற்றில் வந்து பிறந்தாயோ" போன்ற சொற்கள், அடிக்குக் குறையாமல், சில சமயம் அதைவிடவும் ஆழமாக, பின்னாளில் மனச்சோர்வாக வந்து நிற்கின்றன.

ஒருநாள் அவளுடைய அம்மாவும் வந்தார். "நாங்கள் என்ன குறை வைத்தோம், டாக்டர்? கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தோமே" என்றார். மகள் கேட் சத்தத்தைச் சொன்னாள். அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "நானும் எண்ணுவேன்" என்றார்.

'அடியாத மாடு படியாது' என்று இன்னும் சொல்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்டிப்பதற்காக அடித்தேன் என்று பெற்றோர் சொல்லித் தப்பிக்க இருந்த சட்டப் பாதுகாப்பை, தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 செப்டம்பரில் நீக்கிவிட்டது. குழந்தை துன்புறுத்தப்படுவதாக நம்பக் காரணம் இருந்தால் ஆசிரியரும் மருத்துவரும் மட்டுமல்ல, சமயத் தலைவர்களும் புகார் செய்தாக வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தின் 110ஆவது பிரிவு. நம் கோயில்களில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

உங்கள் மகளோ தங்கையோ இப்போது சொல்லத் தொடங்கினால், "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள். மனச்சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சை உண்டு. சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தோன்றுகிறது என்றால் 0800 567 567 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். குழந்தைகளுக்கான எண் 116.