மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏன் ஏறவில்லை?

மூன்று மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் 8.5இல் இருந்த ஹீமோகுளோபின் 8.8ஐத் தாண்டவில்லை என்று வருபவர்கள் ஏராளம். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. தினமும் பீட்ரூட் ஜூஸ், மாதுளை, இரண்டு பேரீச்சம்பழம், வாரம் இருமுறை முருங்கைக்கீரை. மாத்திரையை எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்: "காலையில டிபன் முடிச்சிட்டு, காபி குடிக்கும்போது."

நம் உடலில் மொத்தமாக இருக்கும் இரும்பு 3 முதல் 4 கிராம்தான். பெண்களுக்கு இன்னும் குறைவு. சிவப்பணுக்கள் சுமார் 120 நாளில் ஆயுள் முடிந்து உடையும்போது அவற்றிலுள்ள இரும்பை உடல் வீணாக்காமல் எடுத்து வைத்துக்கொள்கிறது. புது ரத்தம் ஊறத் தினமும் தேவைப்படும் 20 முதல் 25 மில்லிகிராம் பெரும்பாலும் இந்தப் பழைய சரக்கிலிருந்தே வருகிறது. வெளியேறுவது ஒரு நாளைக்கு 1 மி.கி. அளவுதான். மாதவிடாய் வரும் பெண்களுக்குச் சராசரியாக ஒன்றரை முதல் 2 மி.கி. ஆக, குடல் தினமும் 2 மி.கி.யை உள்ளே எடுத்துக்கொண்டாலே பெரும்பாலோருக்குக் கணக்கு நேராகிவிடும். அப்படியிருந்தும் 2020இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரை பெண்கள் நாளொன்றுக்கு 29 மி.கி. சாப்பிட வேண்டும் என்கிறது. நம் ஊர்ச் சாப்பாட்டிலிருந்து 8 சதவீதம்தான் உள்ளே போகும் என்ற கணக்கில் போட்ட எண் அது. மீதி மலத்தோடு போய்விடும்.

இந்த 8 சதவீதம் தீர்மானமாவது இரைப்பையைத் தாண்டியதும் வரும் முன்சிறுகுடலில். சுமார் 25 செ.மீ. நீளமுள்ள பகுதி, அதையடுத்த சிறுகுடலின் தொடக்கமும் கொஞ்சம் உதவும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு பெரும்பாலும் ஃபெரிக் வடிவத்தில் இருக்கிறது. இரைப்பை அமிலம் அதைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். குடல் சுவரிலுள்ள நொதி அதை ஃபெரஸ் வடிவத்துக்கு மாற்றிய பிறகுதான் செல்லுக்குள் நுழைய முடியும். அதற்குள் வேறு ஏதாவது அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டால் வாய்ப்பு போயிற்று. கீழே போகப் போக அமிலத்தன்மை குறைந்து, இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிவிடும்.

அமிலமே குறைவாக இருந்தால்? 'கேஸ்' என்று சொல்லி மாதக்கணக்கில் காலையில் அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோல் மாத்திரை போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தேவை இருந்து மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தொடர்வதாக இருந்தால், ரத்த சோகைக்கு வைத்தியம் பார்ப்பவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். வயிற்றைப் புரட்டாது என்று குடலில் கரையும் பூச்சோடு விற்கப்படும் இரும்பு மாத்திரைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. பூச்சு கரைவதற்குள் மாத்திரை முன்சிறுகுடலைத் தாண்டிவிடலாம். வயிறு அமைதியாக இருக்கும், ரத்தம் ஏறாது.

இனி காபி, டீ. அமெரிக்காவில் 1983இல் வெளியான ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு ஒரு கப் காபி குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதமும், டீ குடித்தபோது 64 சதவீதமும் குறைந்தது. அவர்கள் சாப்பிட்டது ஹாம்பர்கர். இறைச்சியிலுள்ள, சுலபமாக உள்ளே ஏறும் 'ஹீம்' வடிவ இரும்பை டீ அதிகம் தொடாது. நம் சாம்பார் சாதத்தில் இருப்பது முழுக்கத் தாவர இரும்பு என்பதால் இங்கே நிலைமை அதைவிட நன்றாக இருக்க வழியில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபியால் பாதிப்பு இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதோ, சாப்பாட்டோடு குடித்த அளவுக்கே பாதிப்பு. உணவு அப்போதும் இரைப்பையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டுதான் இருக்கும். எனவே காபியை விடச் சொல்ல வேண்டியதில்லை. எழுந்ததும் ஆறு மணிக்குக் குடிக்கும் காபி பிரச்சினையில்லை. இட்லியை முடித்த கையோடு குடிக்கும் காபியும், மதியச் சாப்பாடு இறங்கும் முன் வரும் டீயும்தான் பிரச்சினை. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது போகட்டும்.

கர்ப்பிணிகளுக்கு வேறொரு சிக்கல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் சேர்ந்தே கிடைக்கும். மறந்துவிடக் கூடாதென்று இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டையும் ஒரே வாயில் போட்டுவிடுகிறார்கள். கால்சியம் இரும்பின் வழியை மறிக்கும். கால்சியத்தைக் காலை, இரவு உணவோடும், இரும்பை நடுவில் மாலை நான்கு மணி வாக்கிலும் வைத்துக்கொண்டால் போதும். பாலோடு இரும்பு மாத்திரை விழுங்குவதும் இதே கதைதான். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதற்கும் இரும்புக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் தைராய்டு மருந்தே சரியாக ஏறாது.

பீட்ரூட், மாதுளை பற்றி ஒரு வார்த்தை. அவற்றின் சிவப்புக்கும் ரத்தச் சிவப்புக்கும் உறவே இல்லை. 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு 1 மி.கி. கூடத் தேறாது, மாதுளையில் இன்னும் குறைவு. கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் 100 கிராமுக்கு நான்கைந்து மி.கி. உண்டு. ஆனால் கேழ்வரகில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் பைட்டேட்டும் டானினும் அதிகம். முளைகட்டினாலோ புளிக்க வைத்தாலோ பைட்டேட் குறையும். கூழைப் புளிக்க வைத்துக் குடித்த பழக்கத்தில் நியாயம் இருக்கிறது. கீரையை வதக்கி இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் வைட்டமின் சி சூட்டில் குறைந்துவிடும். அதைவிடச் சுலபம், சாப்பாட்டோடு பாதிக் கொய்யா. 100 கிராம் கொய்யாவில் 200 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. விலைக்கும் பலனுக்கும் மாதுளை அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு, பிள்ளைபெற்ற பெண்ணுக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுத்த பாட்டிகள் சரியாகத்தான் செய்தார்கள். சுவரொட்டி ஆட்டின் மண்ணீரல். பழைய சிவப்பணுக்கள் உடைபடும் இடம் என்பதால் இரும்பு அங்கே குவிந்திருக்கும். ஈரலைவிடப் பல மடங்கு. அதில் ஹீம் இரும்பும் இருப்பதால் கீரையைவிட உள்ளே ஏறுவதும் அதிகம். நன்றாக வேக வைத்துச் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகள் ஈரலை மட்டும் தவிர்ப்பது நல்லது, அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

ஆனால் ஹீமோகுளோபின் 9க்குக் கீழே போனவருக்குச் சாப்பாட்டால் மட்டும் அதை ஈடுகட்ட முடியாது. மாத்திரை வேண்டும். அட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஃபெரஸ் சல்ஃபேட் 200 மி.கி. என்றால் உண்மையில் இரும்பு சுமார் 65 மி.கி.; ஃபெரஸ் குளுக்கோனேட் 300 மி.கி. என்றால் 35 மி.கி.தான். அரசு கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன.

வேகமாக ஏறட்டும் என்று ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று போடுவதில் பெரிய லாபமில்லை. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் குடலின் வாசல் காவலாளி மாதிரி. ஒரு மாத்திரை ஏறியதும் அதன் அளவு கூடி, ஏறக்குறைய 24 மணி நேரம் கதவைப் பாதி சாத்திவைக்கும். இரும்பு குறைந்திருந்த பெண்களிடம் நடந்த, 2017இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்றில், 60 மி.கி. மாத்திரையைத் தினமும் போட்டவர்களுக்கு 16 சதவீதமும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டவர்களுக்கு 22 சதவீதமும் உள்ளே போனது. வயிற்றுத் தொல்லையால் மாத்திரையை நிறுத்திவிடும் நிலையில் இருப்பவர்கள் ஒன்றுவிட்டொரு நாள் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். கர்ப்பிணிகள் சொன்னபடி தினமும் போட வேண்டும்.

வெறும் வயிற்றில் போடுவது சிறந்தது. குமட்டினால் ஒரு வாழைப்பழமோ இரண்டு வாய் இட்லியோ சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். போடாமல் விடுவதைவிட அது மேல். மலம் கருப்பாகப் போவது உள்ளே ஏறாத இரும்பின் நிறம், பயப்பட வேண்டாம். ஆனால் அது தாரைப்போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு இருந்தால் இரைப்பையில் ரத்தக் கசிவாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

சரியாகப் போட்டால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 முதல் 2 கிராம் ஏற வேண்டும். 12ஐத் தொட்டதும் நிறுத்திவிடுவது மிகப் பரவலான தவறு. உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் வேண்டும். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. இரும்பு குறைந்தவர்களுக்குப் பச்சரிசி, திருநீறு, பல்பம் தின்னத் தோன்றுவதுண்டு; வீட்டில் மாத்திரை போடுகிறவரிடம் அது நின்றதா என்றும் கேளுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பார்கள். இரும்பு ஏறியதும் பெரும்பாலும் அந்த ஆசை தானாகப் போய்விடும்.

நேரம் எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லையென்றால் மாத்திரையின் பிராண்டை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. கொக்கிப்புழு, அதிக மாதவிடாய், மூலம், இரைப்பையில் தங்கும் எச்.பைலோரி கிருமி, பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவின் மரபுக்கூறு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறை வந்தால் ரத்தம் எங்கோ போகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வலிக்காக நாள்பட விழுங்கும் மாத்திரையால் வந்த புண் முதல் பெருங்குடல் புற்றுநோய் வரை காரணமாகலாம். எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி எழுதிக்கொடுத்தால் தள்ளிப்போடாதீர்கள்.

மாத்திரையைக் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில், பூட்டி வையுங்கள். சிவப்புப் பூச்சு மிட்டாயைப்போலவே இருக்கும். 10 கிலோ எடையுள்ள குழந்தை 60 மி.கி. மாத்திரையில் பத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அதைவிடக் குறைவாக விழுங்கியிருந்தாலும் காட்டியாக வேண்டும். முதலில் வாந்தியும் பேதியும் வரும், பிறகு சில மணி நேரம் குழந்தை தெளிந்ததுபோல் இருக்கும். அந்தத் தெளிவை நம்பி வீட்டில் வைத்திருக்காமல், அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.