அரிக்காத தூசிதான் நெஞ்சுக்குள் போகிறது

போன வாரம் ஒரு பையனை மருத்துவமனையில் பார்த்துவிட்டு வந்தேன். வயது 22. நாகை பக்கம் ஒரு படகுப் பட்டறையில் கிரைண்டர் பிடிக்கிறவன். பழைய ஃபைபர் படகு ஒன்றைப் புதுப்பிக்கும் வேலை. வெளிப்பக்கம் விரிசலை அடைக்க முன்பு போட்டிருந்த பழைய ஒட்டுகளை ராவி முடித்ததும், அணியத்துக்கு (படகின் முன்பகுதிக்கு) உள்ளே இருக்கும் ஒட்டுகளையும் எடு என்று அவனை உள்ளே இறக்கியிருக்கிறார்கள். குனிந்துதான் உட்கார முடியும், காற்று வர ஒரே ஒரு மூடி வாய். மூன்று நாள் வேலை செய்திருக்கிறான். மூக்கில் கட்டியிருந்தது ஒரு ஈரத்துண்டு.

மூச்சு இழுக்கும்போது விசில் சத்தம் வருகிறது. என்னைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "அரிப்புகூட இல்லண்ணே, அதான் ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

இந்த மழைக்காலத்தில் இப்படி நான் பார்க்கும் மூன்றாவது ஆள் இவன். அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய ஒட்டை ராவி எடுப்பது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. கட்டாயம் எடுக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் இறங்கிய ஃபைபர் படகுகளில் இன்னும் ஓடுபவை உண்டு. அவற்றில் ஒட்டு மேல் ஒட்டு, அதன் மேல் பெயின்ட் என்று ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அதன் மேலேயே புது மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டால் அடுத்த பருவத்தில் தட்டையாகக் கழன்று வரும். நான் 2005இல் இந்த வேலைக்கு வந்தேன். அன்றிலிருந்து சொல்வது ஒன்றுதான்: கெட்டியான அடிவரை போங்கள், சரிவாக ராவுங்கள், 6 மில்லி தடிமனுக்குச் சுற்றிலும் 7 சென்டிமீட்டர் சரிவு விடுங்கள். யாராவது முன்பு எபாக்சி என்ற வேறு வகைப் பசைப் பட்டி அடைத்திருந்தால் அதை ஒரு பொட்டு விடாமல் எடுங்கள், அதன் மேல், மேட்டை ஒட்ட நாம் ஊற்றும் பாலியெஸ்டர் ரெசின் பிடிக்காது.

வேலை சரி. வேலை செய்கிற விதத்தில்தான் ஆளைக் கெடுக்கிறோம்.

பட்டறைகளில் எல்லோரும் ஆபத்தை அரிப்பை வைத்தே அளக்கிறார்கள். கை கழுத்தெல்லாம் அரித்தால் "இன்னிக்கு தூசி ஜாஸ்தி", அரிக்காவிட்டால் "ஒண்ணுமில்ல". இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அரிப்பைத் தருவது கண்ணாடி இழை. மேட்டில் இருக்கும் இழை பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான் தடிமன். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். இழை அதைவிட மெல்லியது என்றாலும் நுரையீரலின் அடிவரை போகிற அளவுக்கு மெல்லியது அல்ல. அதற்கு 3 மைக்ரானுக்கும் கீழே இருக்க வேண்டும். அதனால் இழையில் பெரும்பகுதி தோலில் குத்தும், மூக்கிலும் தொண்டையிலும் சிக்கும், கண்ணை உறுத்தும், அங்கேயே நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் 2002இல் இந்த வகைத் தொடர் இழையைப் புற்றுநோய் தருவது என்று வகைப்படுத்த முடியாதவற்றின் பட்டியலில்தான் வைத்தது. இது ஆஸ்பெஸ்டாஸ் இல்லை. "ஃபைபர் தூசி பட்டா கேன்சர்" என்று பையன்களை மிரட்டுகிறவர்களும் தயவுசெய்து நிறுத்துங்கள். மிரட்டினால் அவன் நம்ப மாட்டான். மிரட்டலோடு சேர்த்து உண்மையான எச்சரிக்கையையும் தூக்கிப் போட்டுவிடுவான்.

உண்மையான எச்சரிக்கை இதுதான். கிரைண்டர் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றும்போது இழை மட்டும் பறப்பதில்லை. இறுகிய ரெசின் மாவாகிறது. பட்டியில் கலந்த டால்க் மாவாகிறது. பெயின்ட் மாவாகிறது. அந்த மாவு அரிக்காது, உறுத்தாது, கண்ணுக்கே தெரியாது. அதுதான் நெஞ்சுக்குள் போகிறது. இழை குத்துவதால் நாம் விலகிக்கொள்கிறோம். மாவு குத்தாததால் மூன்று நாள் உட்கார்ந்து இழுக்கிறோம். சந்தேகமாக இருந்தால் பொழுது சாய்ந்தபின், கிரைண்டரை நிறுத்தி அரை மணி கழித்து, பட்டறைக்குள் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சத்துக்குள் மிதப்பதைப் பார்த்தபின் அந்த இடத்தில் உட்கார்ந்து டீ குடிக்க உங்களுக்கே மனசு வராது.

பழைய ஒட்டு என்றால் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சிமென்ட் அடைத்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஃபைபர் போர்த்திய மர விசைப்படகு என்றால் அடியில் சிவப்பு ஈயப் பூச்சு இருக்கலாம். பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்று நம் நாட்டில் 2016இல் விதி வந்தது, ஆனால் அது வீட்டுப் பெயின்ட்டுக்கும் அலங்காரப் பெயின்ட்டுக்கும்தான். முப்பது வருஷப் படகின் அடிப்பூச்சுக்கு அந்த விதியைக் காட்டி நிம்மதி அடைய முடியாது. ஈயம் கை வழியாகவும் போகும். ராவிய கையோடு பீடி பற்ற வைக்காதீர்கள், வடை எடுக்காதீர்கள்.

இப்போது துண்டு. உங்கள் துண்டை வெயிலுக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் வருகிறதா? வெளிச்சம் வருகிற அந்த ஓட்டை வழியாக, கண்ணுக்குத் தெரியாத மாவு வராதா? நனைத்தால் நூல் கொஞ்சம் உப்பும், அவ்வளவுதான். கன்னத்துக்கும் துண்டுக்கும் நடுவே இருக்கும் சந்து அப்படியேதான் இருக்கும், மூச்சு அந்தச் சந்து வழியாகத்தான் போகும். கொரோனா காலத்து நீல மாஸ்க்கும் அதே கதைதான். வெல்லம் தின்றால் தூசி கரைந்துவிடும், வாழைப்பழம் தின்றால் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும் என்கிற பேச்சும் வேண்டாம். தின்பது இரைப்பைக்குப் போகிறது, தூசி நுரையீரலில் இருக்கிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை.

குறைந்தபட்சம் மெல்லிய தூசியை வடிகட்டும் என்95 அல்லது எஃப்எஃப்பி2 முகக்கவசம். வாங்கும்போது ஐ.எஸ். 9473 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தினமும் இதே வேலை என்றால் ரப்பர் அரைமுகக் கவசமும் பி3 வடிகட்டியும் வாங்குங்கள். தாடி இருந்தால் எந்தக் கவசமும் முகத்தில் ஒட்டாது. அந்த வேலை இருக்கிற நாட்களில் மழித்துக்கொள்ளுங்கள் தம்பிகளே. கண்ணுக்கு நாலு பக்கமும் மூடிய காகிள்ஸ், கூலிங் கிளாஸ் இல்லை. முழுக்கைச் சட்டை. லுங்கி வேண்டாம், சுற்றுகிற டிஸ்க்கில் துணி சிக்கினால் தொடையோடு போகும்.

கிரைண்டரை எடுக்கும் முன் சுத்தியல் காம்பால் தட்டிப் பாருங்கள். தொப்பென்று கேட்கிற ஒட்டு ஏற்கெனவே விட்டுப்போனது. உளியை நுழைத்து நெம்பினால் பாதி ஒட்டு பலகையாக வந்துவிடும். பலகையாக வந்தது தூசியாகாது. பாக்கி ஓரத்தை மட்டும் ராவினால் போதும். இது ஒன்றைச் செய்தாலே தூசி பாதியாகும், டிஸ்க்கும் மிச்சம். ஏன் யாரும் செய்வதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

அசிட்டோனால் துடைப்பது ராவுவதற்கு முன். அது சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் அந்த டப்பாவை மூடித் தூரமாக வைத்துவிட்டுத்தான் கிரைண்டரைத் தொட வேண்டும். தூசி அடங்க வேண்டும் என்று மின் கிரைண்டர் மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள், ஷாக் அடிக்கும். இது தெரியாமல் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

படகைத் திறந்த வெளியில் வையுங்கள், காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். அணியத்துக்குள்ளோ மீன் அறைக்குள்ளோ ராவியே ஆக வேண்டும் என்றால் காற்றை வெளியே இழுக்கிற விசிறி வேண்டும், மேலே ஒரு ஆள் நிற்க வேண்டும், அரை மணிக்கு ஒருமுறை உள்ளே இருப்பவர் ஏறி வர வேண்டும். பட்டறை முதலாளிகளே, ஒரு கிலோ ரெசின் விலைக்குள் நல்ல முகக்கவசம் வந்துவிடும். கூலி பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசுங்கள். பையன்களாகக் கேட்க மாட்டார்கள், கூச்சப்படுவார்கள்.

அரிப்புக்கு முதலில் பச்சைத் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள், தேய்க்காதீர்கள். குத்தி நிற்கும் இழையைச் செலோ டேப் ஒட்டி உரித்தால் வந்துவிடும். கண்ணில் பட்டால் கசக்காமல் நல்ல தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். பட்டது கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கக் கலக்கும் திரவம்) என்றால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் கழுவுங்கள், அது பார்வையையே பறித்துவிடும்.

வேலைத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அதை உதறித் துவைப்பது உங்கள் மனைவியும் அம்மாவும். கைக்குழந்தை துணியோடு அது ஊறுகிறது. பட்டறையிலேயே கழற்றி, அங்கேயே அலசிப் போடுங்கள்.

அந்தப் பையன் இன்னும் இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவான். மூச்சுக்குழாய் வீங்கியிருக்கிறது, தூசி வேலைக்குத் திரும்பினால் மறுபடி வரும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மேட் வெட்டுகிற வேலைக்கு மாற்றச் சொல்லி அவன் முதலாளியிடம் பேசியிருக்கிறேன். அந்தப் படகின் அணியத்தில் இன்னும் நாலு ஒட்டு பாக்கி இருக்கிறதாம். வேறு ஆளை இறக்கும் முன் விசிறியும் கவசமும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன், அதுவரை மூடியை மூடி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.