தினமும் வாக்கிங் போயும் நாற்காலியிலிருந்து எழக் கை ஊன்ற வேண்டியிருக்கிறதா?

“தினமும் முக்கால் மணி நேரம் வாக்கிங் போறேன். ஆனா தரையில உட்கார்ந்தா எதையாவது பிடிக்காம எந்திரிக்க முடியல.” முழங்கால் வலி, இடுப்பு வலி என்று பிசியோதெரபிக்கு வரும் ஐம்பதை ஒட்டிய வயதுக்காரர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று அவர்களுக்கே குழப்பம்.

இதில் குழப்பம் ஏதுமில்லை. சமதரையில் நடக்கும்போது இதயமும் நுரையீரலும்தான் அதிகம் உழைக்கின்றன. தொடைத் தசை தன் பலத்தில் சிறு பங்கைச் செலவிட்டாலே உடம்பு முன்னால் போய்விடும். தசையோ சுமை ஏறினால்தான் வளரும். முப்பதைத் தாண்டியபின் பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைந்துகொண்டே வருகிறது. அதிலும் வேகமாகச் சுருங்கும் இழைகள்தான் அதிகம் மெலிகின்றன. குழியில் கால் இடறும்போது சட்டென்று ஊன்றிச் சமாளிப்பது, பேருந்துப் படியில் எம்பி ஏறுவது எல்லாம் அந்த இழைகளின் வேலை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான நடையோடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் வேண்டும் என்று தனியாகவே சொல்லியிருக்கிறது. பலரும் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறோம்.

முதலில் உங்கள் நிலவரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சாப்பாட்டு மேசை நாற்காலி போதும், உயரம் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காருங்கள். வீட்டில் ஒருவர் கைபேசியில் நேரம் பார்க்கட்டும். தசை இழப்பைக் கண்டறிய ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவுகோலில், 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல்திறன் குறைவு என்று கணக்கு. முதியவர்களை மனதில் வைத்துப் போட்ட வரம்பு அது. நாற்பத்தைந்து வயதில் அதைத் தொட்டாலே கவலைப்பட வேண்டும்.

சோதனைக்கு எடுத்த நாற்காலிதான் முதல் பயிற்சிக்கும் கருவி. அதன் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு பின்னால் போய்விடும். இருக்கையின் முன்பாதியில் உட்கார்ந்து, பாதங்களை இடுப்பு அகலத்துக்கு வைத்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து, குதிகாலை அழுத்தி எழுங்கள். எழும்போது மூச்சை விட வேண்டும். உட்காரும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி இறங்க வேண்டும்.

இறங்குவதில்தான் பெரும்பாலோர் ஏமாற்றுகிறார்கள். கடைசி நாலு விரற்கடை தூரத்தில் தொப்பென்று விழுவார்கள். தொடைத் தசைக்கு முழுச்சுமை கிடைப்பது அந்த இடத்தில்தான். அதை விட்டுவிட்டால் பயிற்சியில் பாதி போயிற்று. இன்னொரு தவறு, எழும்போது இரண்டு முழங்காலும் உள்ளே ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்வது. இடுப்பின் பக்கவாட்டுத் தசை தளர்ந்திருப்பது இதற்கு முக்கியக் காரணம். முழங்காலுக்குச் சற்று மேலே தொடைகளைச் சுற்றி ஒரு பழைய துண்டை லேசாகக் கட்டி, அதை வெளிப்பக்கம் தள்ளியபடியே எழுந்து பாருங்கள், கால் தானாக நேராகும். ஏற்கெனவே முழங்கால் வலி இருப்பவர்கள் இருக்கையில் போர்வையை நாலாக மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பத்துக்கு மூன்று அளவு வலி வந்து, மறுநாளுக்குள் அடங்கினால் தொடரலாம். காலையில் மூட்டு வீங்கியிருந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

எத்தனை தடவை? எட்டில் தொடங்குங்கள். ஒன்றரை நிமிடம் ஓய்வு, மறுபடி எட்டு. ‘இன்னும் இரண்டு மூன்று செய்யலாம்’ என்ற நிலையில் நிறுத்த வேண்டும். பன்னிரண்டு சிரமமில்லாமல் வர ஆரம்பித்தால், எண்ணிக்கையை முப்பது, நாற்பது என்று ஏற்றிக்கொண்டே போவதில் பலன் குறைவு. சுமையை ஏற்றுங்கள்: இரண்டு கிலோ அரிசியை ஒரு பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு மறுபடி எட்டிலிருந்து வாருங்கள்.

அந்தப் பையே அடுத்த பயிற்சிக்கும் உதவும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ எடைதான், முதுகுத் தசைக்கு அது பத்து நாளில் பழகிவிடும். மஞ்சப்பையில் ஒரு கிலோ பொட்டலங்களாக அடுக்கினால் எடையும் துல்லியமாகத் தெரியும், வேண்டும்போது கூட்டலாம். இடது கையை நாற்காலியில் ஊன்றி, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து, வலது கையில் தொங்கும் பையை பேன்ட் பாக்கெட் உயரத்துக்கு இழுங்கள். சட்டைப் பாக்கெட்டை நோக்கி இழுத்தால் தோள் காதுக்கு ஏறும், மறுநாள் கழுத்து பிடித்துக்கொள்ளும். பக்கத்துக்குப் பத்து தடவை. நாள் முழுக்கக் கைபேசிமேல் குனிந்திருக்கும் நமக்கு மற்றப் பயிற்சிகளைவிட இது ஒருபடி மேலே அவசியம் என்பது என் கட்சி.

தள்ளும் பயிற்சிக்குச் சுவர். இரண்டடி தள்ளி நின்று, உள்ளங்கைகளை மார்பு உயரத்தில் வைத்து, தலையிலிருந்து குதிகால்வரை பலகைபோல் சாய்ந்து மீளுங்கள். முழங்கை உடம்பைவிட்டு முழுதாக விரியாமல் பாதியளவில் இருந்தால் தோள் தப்பிக்கும். சுவர் எளிதானபின் சமையல் மேடைக்கு மாறலாம். மேடையில் ஈரம் இல்லை, கருங்கல் பலகை ஆடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி இரண்டு விநாடி நிறுத்துவது பத்து தடவை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது பதினைந்து தடவை. ஐந்து நிமிடம் கைகால்களை உதறிச் சூடேற்றுவதையும் சேர்த்து, எல்லாம் அரை மணிக்குள் முடிந்துவிடும். செவ்வாய், வியாழன், சனி என்று இடைவெளி விட்டுச் செய்யுங்கள்.

மூச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல்லைக் கடித்து மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்கினால் அந்த நொடியில் ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்களுக்கும் இது ஆபத்து. சத்தமாக எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சை அடக்கவே முடியாது. இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர்களும் சர்க்கரை 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்கட்டும். நெஞ்சுவலி, குடலிறக்கம், அண்மையில் அறுவை சிகிச்சை, கட்டுக்குள் வராத பிரஷர் இருப்பவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது (ஆஸ்டியோபோரோசிஸ்) என்று ஸ்கேனில் வந்தவர்கள் படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும், முதுகெலும்பு நொறுங்க வாய்ப்புண்டு.

அந்த வயிற்றுப் பயிற்சியால் தொப்பையும் கரைவதில்லை. உடம்பு எந்த இடத்துக் கொழுப்பை எடுக்கிறது என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. ‘டோனிங்’ என்று விளம்பரங்களில் சொல்வது, தசை கொஞ்சம் கூடி, அதன்மேல் உள்ள கொழுப்பு கொஞ்சம் குறைவதைத்தான். “எடை தூக்கினா கை ஆம்பளை மாதிரி ஆயிடும்” என்று பயப்படும் பெண்களுக்கு: அப்படி வளர்வதற்கான ஹார்மோன் அளவு உங்கள் உடம்பில் இல்லை. மாதவிலக்கு நின்றபின் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கும் காலத்தில், அந்த மஞ்சப்பை எலும்புக்கும் சேர்த்தே வேலை செய்கிறது.

தொடங்கிய ஒன்றிரண்டு நாளில் தசை முழுக்கப் பிடித்துக்கொண்டு வலிக்கும், மூன்றாம் நாளுக்குள் தணியத் தொடங்கும். மூட்டுக்குள் ஊசி குத்துவதுபோல் ஒரே புள்ளியில் வலித்தால் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். அளவுக்கு மீறிச் செய்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாப்பாட்டில் பார்க்க வேண்டியது புரதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். 60 கிலோ இருப்பவருக்கு 50 கிராம். மூன்று இட்லியில் ஆறு கிராம் தேறினால் பெரிது. ஒரு முட்டை 6 கிராம், வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமில் எட்டு, ஒன்பது கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டு கூட்டட்டும்.

மூன்றாவது வாரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள், கண்ணாடியில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்று. முதல் ஓரிரு மாதத்தில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் தசையை எழுப்பக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பெருப்பது கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை கண்ணாடியை விட்டுவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த ஐந்து எழுதலுக்கு ஆன விநாடிகளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். தினசரிக் காலண்டர் வேண்டாம், தாளைக் கிழித்துவிடுவீர்கள். மாதக் காலண்டரில் எழுதுங்கள்.