இருமல் சிரப்பும் ஆசிய விளையாட்டுப் பதக்கமும்

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் எங்கள் பாலக்காட்டு அனு ராகவன் நான்காவதாக வந்தார். வெறுங்கையோடு ஊர் திரும்பினார். 2020இல் அவர் வெண்கலப் பதக்கக்காரர் ஆனார். முதலாவதாக வந்த பஹ்ரைன் வீராங்கனை கெமி அடெகோயா ஊக்கமருந்து வழக்கில் நான்கு ஆண்டுத் தடை வாங்கியதுதான் காரணம். அதே அடெகோயா ஓடிய கலப்பு 4×400 தொடர் ஓட்டத்திலும் பஹ்ரைனின் தங்கம் பறிபோனது. வெள்ளி வாங்கியிருந்த இந்திய அணிக்கு அது வந்து சேர்ந்தது. அந்த அணியில் திருச்சிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவும் ஒருவர். இந்தியாவின் கணக்கு 69இலிருந்து 70 ஆயிற்று.

நமக்குச் சாதகமாக முடிந்ததால் இந்தக் கதையைச் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்கிறோம். அது நமக்கு எதிராகவும் திரும்பும். நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

பாலக்காட்டு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாகக் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் போய்வரும் தமிழ்க் குடும்பங்கள்தான் இங்கே அதிகம். பிள்ளைகள் ஓடுவது பாலக்காட்டு மாவட்டத்துக்காக. மாநிலப் பள்ளித் தடகளத்தில் பாலக்காடு பல முறை சாம்பியன் என்பதால், நன்றாக ஓடும் பிள்ளைக்கு இந்த வட்டாரத்தில் தனி மரியாதை உண்டு. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா 28 தங்கம் உட்பட 107 பதக்கம் வாங்கியபோது அந்த மரியாதை இன்னும் ஏறியது. எங்கள் ஸ்ரீசங்கர் நீளம் தாண்டுதலில் 8.19 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார், தங்கத்துக்கும் அவருக்கும் இடையில் வெறும் 3 சென்டிமீட்டர். ஆண்கள் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற நால்வரில் முகமது அஜ்மலும் இந்த மாவட்டத்துக்காரர்தான். அப்புறம் என்ன, மைதானத்தில் கூட்டம் கூடியது. கூடவே என் கடையில் புரோட்டீன் பவுடர் டப்பா கேட்பவர்களும் கூடினார்கள்.

பெற்றோர் பயப்படுவது ஊசிக்கும் ஸ்டீராய்டுக்கும். பயப்பட வேண்டியதுதான். ஆனால் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் பிள்ளையை மாட்டிவிடுவது பெரும்பாலும் வீட்டு அலமாரியில் இருக்கும் சாதாரண மருந்து.

இருமல் சிரப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மீட்டுகள், அதாவது பள்ளித் தடகளப் போட்டிகள் வரும். அதை ஒட்டியே பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசத் தொடங்கும், வீட்டுக்கு ஒருவர் இருமுவார்கள். "தம்பி, போன தடவை குடுத்த அதே சிரப் குடு, பொண்ணுக்கு நாளன்னைக்கு ஓட்டம் இருக்கு" என்று ஒரு அம்மா கேட்டார். போன தடவை கொடுத்தது அவருடைய மாமியாருக்கு. அதில் டெர்பியூட்டலின் இருந்தது. நம் நாட்டில் விற்கும் சளி இருமல் சிரப்புகள் பலவற்றில் புரோம்ஹெக்சின், குவைபெனசின் ஆகியவற்றோடு அதுவும் சேர்ந்தே வரும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. மாமியாருக்கு நல்லது. ஓடும் பெண்ணுக்கு, வாடா எனப்படும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியல்படி, அது வருஷம் 365 நாளும் தடைசெய்யப்பட்டது. போட்டி இல்லாத நாளிலும்தான். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் மட்டும் உள்ள சிரப் ஒன்றைக் கொடுத்தேன், அது பட்டியலில் இல்லை. இரண்டு பாட்டிலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் லேபிளில் எறும்பு அளவு எழுத்தில் இருக்கிறது.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குச் சால்பியூட்டமால் இன்ஹேலர் தடையில்லை, ஆனால் கணக்கு உண்டு. 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, எந்த 8 மணி நேரத்தை எடுத்தாலும் அதில் 600ஐத் தாண்டக் கூடாது. ஒரு பஃப் பொதுவாக 100 மைக்ரோகிராம். அதே சால்பியூட்டமாலைச் சிரப்பாகவோ மாத்திரையாகவோ விழுங்கினால் தடை.

அடுத்தது முட்டி வலி, கணுக்கால் வீக்கம். பாராசிட்டமால், ஐபுபுரூபன், டைக்குளோபெனாக் மூன்றும் பட்டியலில் கிடையாது. வீரியமான வலி மருந்தான டிராமடால் 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை. பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையும், எந்த இடத்தில் போட்டாலும் ஸ்டீராய்டு ஊசியும் போட்டிக் காலத்தில் தடை. போட்டிக் காலம் என்பது விசில் ஊதும்போது தொடங்குவதில்லை, முந்தைய நாள் இரவு 11.59க்கே தொடங்கிவிடுகிறது. மருந்து உடம்பை விட்டுப் போவதற்கும் நாள் கணக்கு இருக்கிறது. பிரட்னிசோலோன் மாத்திரைக்கு 3 நாள் என்கிறது வாடா. தசையில் போடும் டிரையாம்சினோலோன் ஊசிக்கு 60 நாள். "ஒரே ஊசி, வலி பறந்துடும்" என்று யாராவது சொன்னால் எந்த ஊசி என்று கேளுங்கள்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் எடை 100 கிராம் கூடிப்போய் இறுதிப் போட்டியை இழந்த பிறகு, எடைப் பிரிவில் ஆடும் பையன்கள் "நீர் போற மாத்திரை" கேட்பதும் நடக்கிறது. அந்த வகை மாத்திரையான பியூரோசெமைடு எப்போதும் தடை. வெயிலில் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு உயிராபத்தும் கூட. டாக்டர் சீட்டு இல்லாமல் அதை நான் தருவதில்லை, சீட்டோடு வந்தாலும் விளையாடுகிற பிள்ளைக்கா என்று கேட்பேன்.

இனி ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளும் விஷயம். எல்லையின் இந்தப் பக்கம் அரிஷ்டமும் கஷாயமும் இல்லாத வீடு கிடையாது. "பச்சிலை மருந்துதானே, என்ன செய்யும்?" என்பார்கள். எட்டிக்கொட்டையைச் சுத்தி செய்து சேர்த்த மாத்திரைகள் நரம்புக்கும் வாதத்துக்கும் உண்டு. எட்டியில் இருப்பது ஸ்ட்ரிக்னின். அது வாடா பட்டியலில் ஊக்கிகள் பிரிவில் இருக்கிறது. ஆயுர்வேதத்தைக் குறை சொல்லவில்லை, நானே குடிக்கிறேன். வைத்தியரிடம் பிள்ளை போட்டிக்குப் போகிறது என்று முதலிலேயே சொல்லுங்கள் என்கிறேன்.

மூலிகைப் பேச்சு எங்கே கொண்டுபோகும் என்பதற்கு இந்தியத் தடகளமே ஓர் உதாரணம் வைத்திருக்கிறது. 2010இல் டெல்லி காமன்வெல்த்திலும் குவாங்சோ ஆசிய விளையாட்டிலும் பெண்கள் 4×400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கினோம். மறு வருஷமே அந்த அணிகளில் ஓடியவர்கள் உட்படச் சிலர் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். கேரளப் பெண்களும் அதில் இருந்தார்கள். பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் என்ற மூலிகை மருந்தில்தான் கலப்பு என்றார்கள். முதலில் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. 2012இல் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் அதை இரண்டாண்டாக்கியது. லண்டன் ஒலிம்பிக் போயிற்று. உடம்பில் எது போனாலும் பொறுப்பு ஓடுகிறவருடையது என்பதுதான் விதி. யார் கொடுத்தார்கள் என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், தப்பிக்க உதவாது.

பவுடர் டப்பாக்களைப் பற்றியும் இதைத்தான் சொல்வேன். அதில் எனக்கு லாபம் மாத்திரையைவிட அதிகம், ஆனாலும் சொல்கிறேன். லேபிளில் இல்லாத சரக்கு உள்ளே இருக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு பேட்சும் தனியாகச் சோதிக்கப்பட்டதா என்று பாருங்கள். கவரில் கட்டித் தரும் பெயரில்லாத பொடியைத் தொடவே வேண்டாம், அதைக் கொடுப்பது கோச்சாகவே இருந்தாலும் சரி.

சும்மா பயமுறுத்தவில்லை. 2023இல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213இல் தடைப் பொருள் கிடைத்தது என்கிறது வாடா அறிக்கை, அதாவது 3.8 சதவீதம். சீனாவில் 28,000க்கு மேல் எடுத்தும் 0.2 சதவீதம்தான். எல்லாருமே தெரியாமல் சாப்பிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. தெரிந்தே போடுகிறவர்கள் நிறைய. அந்தக் கூட்டத்தோடு இருமல் சிரப் குடித்த பிள்ளையும் நிற்க வேண்டியிருப்பதுதான் கொடுமை. கேலோ இந்தியா போட்டிகளுக்கும் நாடா எனப்படும் நம் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் ஆட்கள் வருகிறார்கள், எனவே வயது சின்னது என்ற தைரியம் வேண்டாம்.

நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் மருந்தின் பெயரைப் போட்டால் தடையா இல்லையா என்று காட்டும். பிராண்டோடு நிறுத்தாமல், லேபிளில் உள்ள ஒவ்வொரு சரக்கின் பெயரையும் போட்டுப் பாருங்கள். பட்டியல் ஆண்டுதோறும் ஜனவரி 1இல் புதுப்பிக்கப்படும் என்பதால், போன வருஷம் பார்த்தது போதாது. தடைசெய்யப்பட்ட மருந்து நோய்க்குக் கட்டாயம் தேவை என்றால் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு வாங்க வழி இருக்கிறது. டாக்டரின் சீட்டு, பரிசோதனை முடிவுகளோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மீட்டுக்குப் போகும் பையில் பழைய சீட்டுகளின் நகலும், பிள்ளை கடைசியாகச் சாப்பிட்ட மருந்துகளின் அட்டைகளும் இருக்கட்டும், மாதிரி எடுக்கும்போது படிவத்தில் அவற்றை எழுதச் சொல்வார்கள். அட்டையில் எழுத்து தெரியவில்லை என்றால் கடைக்கு எடுத்துவாருங்கள், கண்ணாடி போட்டுப் படித்துச் சொல்கிறேன்.